பழைய மஸில் கார்: பின்பக்க கன்ட்ரோல் ஆர்முக்கு அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஏன்?

அமெரிக்காவின் பழைய மஸில் கார்களைப் புதுப்பிக்கும் வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். காரின் பின்பக்க அடியில் இருந்து நீளமான ஒரு இரும்புப் பாகத்தைக் கழற்றுவார்கள். அதில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். அந்தப் பாகத்தின் பெயர் கன்ட்ரோல் ஆர்ம். கம்பெனி கொடுத்த பாகத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

கன்ட்ரோல் ஆர்மின் வேலை என்ன?

1964 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே செவெல், போன்டியாக் ஜிடிஓ போன்ற கார்களில் பின் ஆக்ஸிலை சேசிஸோடு பிடித்து வைப்பது நான்கு ஆர்ம்கள். கீழே இரண்டு, மேலே இரண்டு. சக்கரம் காரை முன்னால் தள்ளும் விசை கீழ் ஆர்ம்கள் வழியாகப் போகும். சாய்வாக இருக்கும் மேல் ஆர்ம்கள், ஆக்ஸில் உருளாமலும் பக்கவாட்டில் நகராமலும் பார்த்துக்கொள்ளும்.

பெரும்பாலான மாடல்களில் இந்தக் கீழ் ஆர்ம், தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த திறந்த வாய்க்கால் வடிவம்தான். செலவு குறைவு, ஆனால் எளிதில் முறுக்கிக்கொள்ளும். ஒரு பிவிசி பைப்பை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். இன்ஜின் பவரைக் கூட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் ஆர்மும் அதன் ரப்பர் புஷ்ஷும் வளைந்து கொடுக்கும். ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு, திரும்ப விடுபடும். சக்கரம் ரோட்டில் தடதடவென்று குதிக்கும். இதுதான் 'வீல் ஹாப்'.

குறைந்த செலவில் என்ன செய்கிறார்கள்?

முதலில் பார்க்க வேண்டியது புஷ். ஐம்பது வருட ரப்பர் வெடித்துப் போயிருந்தால் அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் வெல்டிங்.

ஆர்மைக் கழற்றி, புஷ்ஷை வெளியே எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் சூட்டில் கருகிவிடும். துருவைச் சுரண்டி, சுமார் 3 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகட்டை அளவாக வெட்டித் திறந்த பக்கத்தை மூடுவார்கள். ஒரே மூச்சில் வெல்டிங் இழுத்தால் ஆர்ம் கோணிவிடும். அதனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இரண்டு ஆர்ம்களின் நீளமும் சமமாக இல்லாவிட்டால் ஆக்ஸில் சாய்ந்து உட்கார்ந்து கார் ஒரு பக்கமாக இழுக்கும். உள்ளே தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு சின்ன ஓட்டையும் வேண்டும். இதை மறந்தால் ஆர்ம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

மாட்டும்போது போல்ட்டுகளை, கார் தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் புது ரப்பரும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மேல் ஆர்மையும் மூடலாமா?

நிறைய பேர் தப்பு செய்வது இங்கேதான். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, சாய்வாக இருக்கும் மேல் ஆர்ம்கள் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தே ஆக வேண்டும். அதையும் மூடி, கெட்டியான பாலியூரிதேன் புஷ்ஷும் போட்டால் சஸ்பென்ஷன் அசையாமல் பிடித்துக்கொள்ளும். வளைவில் பின்பக்கம் திடீரென்று வழுக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் கீழே தகடு, மேலே ரப்பர் என்பதுதான் சாதாரண ரோட்டு காருக்குப் பாதுகாப்பு.

1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கிலும் இதே மாதிரி நான்கு ஆர்ம்தான். அதில் இன்னொரு சிக்கல்: ஆர்ம் வளையாவிட்டால் அந்த விசை, அது பொருத்தப்பட்டிருக்கும் பாடி தகட்டுக்குப் போகும். பவர் கூட்டிய மஸ்டாங்குகளில் 'டார்க் பாக்ஸ்' எனும் அந்த இடம் கிழிவது பிரபலமான கோளாறு. ஆர்மைத் தொடுவதற்கு முன்பு அங்கே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்த வேலை எல்லா காருக்கும் பொருந்தாது. இப்போதைய பல கார்களில் ஆர்ம் அலுமினியத்திலோ உயர் வலிமை ஸ்டீலிலோ வருகிறது. வெல்டிங் சூட்டில் அவற்றின் பலம் குறைந்துவிடும். அவை வளைந்தாலோ விரிசல் விட்டாலோ புதுசுதான் மாட்ட வேண்டும்.