பெட்ஃபோர்டு ஹில்ஸ் சிறையில் ஒரு கல்லூரி

நியூயார்க் நகருக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் வட்டாரத்தில் அமைந்துள்ள பெட்ஃபோர்டு ஹில்ஸ், அம்மாநிலத்தில் பெண்களுக்கென உள்ள ஒரே உச்சப் பாதுகாப்புச் சிறையாகும். அங்கே கல்லூரி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் பெண் கைதிகளுக்குப் பட்டப்படிப்பு நடத்திவரும் வரலாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தோர் அளித்த கொடையின் கதையாகவே சொல்லப்படுகிறது. நடந்ததை ஆண்டுவாரியாகத் தொடர்ந்து பார்த்தால், கல்வியைக் கேட்டவர்களும், அது பறிபோனபோது மீட்க முன்னின்றவர்களும் உள்ளே இருந்த பெண்களே என்பது தெளிவாகும்.

இச்சிறை 1901இல் பெண்களுக்கான சீர்திருத்த இல்லமாக, அதாவது தண்டிப்பதைவிடத் திருத்துவதையே நோக்கமாகக் கூறிக்கொண்டு இளம்பெண்களை அடைத்துவைக்கும் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. அதன் முதல் கண்காணிப்பாளரான கேத்தரின் பெமென்ட் டேவிஸ், வாசர் கல்லூரியில் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தையலும் சமையலும் துணி வெளுப்புமே பெண் கைதிகளுக்குரிய பயிற்சி எனக் கருதப்பட்ட காலத்தில், அவர் எழுத்தும் கணக்கும் கற்பித்ததோடு, பெண்களைத் திறந்தவெளியில் தோட்டவேலை செய்யவைத்தார். கான்கிரீட் கலந்து நடைபாதை அமைக்கவும் வைத்தார். ஆனால் அவர் காலத்தில் பட்டம் பெற்ற பெண்கள் பெட்ஃபோர்டுக்கு வந்தது கற்பிப்பதைவிட அளப்பதற்காகவே எனலாம். 1912இல் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நிதியில் அங்கு நிறுவப்பட்ட சமூகச் சுகாதார ஆய்வகம், கைதிகளின் அறிவுத்திறனைச் சோதித்து, அவர்களின் குடும்ப வரலாற்றைத் திரட்டி, யார் திருந்தக்கூடியவர், யார் திருந்தாதவர் என வகைப்படுத்த முயன்றது. அந்த ஆய்வில் பெண் கைதி பேசுபொருளாக மட்டுமே இருந்தாள். அவளுக்கென ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

சிறைக்குள் கல்லூரிப் படிப்பு பரவலாக நுழைய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து 43 உயிர்கள் பலியான நிகழ்வில், அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் கல்வியும் ஒன்றாக இருந்தது. மறு ஆண்டே, ஏழை மாணவர்களின் உயர்கல்விக்கு ஒன்றிய அரசு நேரடியாக வழங்கும் உதவித்தொகை சட்டமாக்கப்பட்டது. பின்னர் செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரால் பெல் உதவித்தொகை என அழைக்கப்பட்ட இத்தொகையைக் கைதிகளும் பெற முடிந்தது. கட்டணத்துக்கு வழி பிறந்ததால் நாடெங்கும் சிறைகளில் கல்லூரி வகுப்புகள் முளைத்தன. பெட்ஃபோர்டு ஹில்ஸில் அதே வட்டாரத்தைச் சேர்ந்த மெர்சி கல்லூரி பட்டப்படிப்பை நடத்தியது.

கல்லூரிக்கு முந்தைய படியான எழுத்தறிவு வகுப்பில் நிகழ்ந்த மாற்றம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மூவர் கொல்லப்பட்ட 1981ஆம் ஆண்டுக் கொள்ளை வழக்கில் தண்டிக்கப்பட்டு அங்கிருந்த கேத்தி பூடின், அவ்வகுப்பில் சக கைதிகளுக்குக் கற்பித்தார். பயிற்சி ஏட்டில் கோடிட்ட இடத்தை நிரப்புவதும், சம்பந்தமில்லாத பத்தியைப் படித்து விடை எழுதுவதுமாக இருந்த பாடத்தில் மாணவிகளின் மனம் ஒட்டவில்லை. அது எய்ட்ஸ் நோய் சிறையெங்கும் அச்சமாகப் பரவியிருந்த காலம். நோய் கண்டவரின் அருகில் அமரவும் பலர் தயங்கினர். 1988இல் கைதிகளே எய்ட்ஸ் ஆலோசனைக்கும் கல்விக்கும் என ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தனர். அந்த அச்சமே வகுப்பின் பாடமானபோது, நோய் எவ்வாறு தொற்றும், எவ்வாறு தொற்றாது என்பதை அறியும் ஆவலில் பெண்கள் கடினமான சொற்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தனர், தம் அனுபவத்தை எழுதினர், நாடகமும் எழுதினர். இதைப் பூடின் 1993இல் ஹார்வர்டு கல்வியியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். படிப்பவரின் வாழ்விலிருந்து எழும் வினாவே பாடத்தை நடத்திச்செல்ல வேண்டும் என்ற கொள்கைக்கு அக்கட்டுரையைவிட உறுதியான சான்று அரிது.

1994இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கைதிகளுக்கான பெல் உதவித்தொகையை முற்றாக நிறுத்தியது. சட்டத்தை மதித்து நடப்போரின் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய பணம் குற்றவாளிகளுக்குப் போகிறது என்பதே ஆதரித்தோரின் வாதம். அவ்வுதவித்தொகையில் கைதிகளுக்குச் சென்ற பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதால் இவ்வாதம் உண்மையோடு பொருந்தவில்லை. எனினும் தேர்தல் மேடைகளில் அது எடுபட்டது. நியூயார்க் மாநிலமும் தன் கல்வி உதவியை 1995இல் நிறுத்திக்கொள்ள, மெர்சி கல்லூரியின் வகுப்புகள் மூடப்பட்டன. பட்டத்துக்குச் சில பாடங்களே எஞ்சியிருந்த பெண்களும் பாதியில் நின்றனர்.

அடுத்து நடந்ததே இவ்வரலாற்றின் மையம். கைதிகள் தமக்குள் ஒரு குழு அமைத்து, அப்போதைய கண்காணிப்பாளர் எலைன் லார்டிடம் கல்லூரியை மீட்டுத் தருமாறு கேட்டனர். அவர் அதற்குச் செவிசாய்த்தார். உள்ளூர்த் தன்னார்வலர்களும் மேரிமவுண்ட் மன்ஹாட்டன் கல்லூரியின் தலைவர் ரெஜினா பெருஜ்ஜியும் கைதிகளோடு ஒரே மேசையில் அமர்ந்து திட்டம் வகுத்தனர். அரசுப் பணம் இல்லாத நிலையில், பல கல்லூரிகள் ஆசிரியர்களையும் பாடங்களையும் பகிர்ந்தளிக்கும் கூட்டமைப்பு உருவாகி, 1997இல் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. நூல்கள் நன்கொடையாக வந்தன. பயிற்சிக் கட்டுரைகளைத் திருத்தவும் கணக்கில் துணைநிற்கவும் தன்னார்வலர்கள் வந்தனர். மாணவிகள் பருவத்துக்கு 5 டாலர் கட்டணம் செலுத்தினர். வெளியே அது மிகச் சிறிய தொகை. உள்ளேயோ ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. சோப்புக்கும் தபால்தலைக்கும் வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கட்டியவர்களைக் கொடை பெற்றவர்கள் என்று மட்டும் குறிப்பது நியாயமாகாது.

இதன் விளைவை அளந்த ஆய்வும் அதே முறையில் அமைந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மிஷெல் ஃபைன் தலைமையில் இயங்கிய குழுவில், சிறைக்குள்ளேயே நடத்தப்பட்ட ஆய்வுமுறை வகுப்பில் பயிற்சி பெற்ற கைதிகள் இணை ஆய்வாளர்களாகச் சேர்ந்து, நேர்காணல் எடுத்து, முடிவுகளை விவாதித்து, 2001இல் வெளியான அறிக்கையில் ஆசிரியர்களாகவும் இடம்பெற்றனர். விடுதலையாகி 36 மாதங்களுக்குள் மீண்டும் சிறைக்குத் திரும்பியோர், கல்லூரியில் படித்தவர்களுள் 7.7 விழுக்காடு, படிக்காதவர்களுள் 29.9 விழுக்காடு. படிக்க முன்வருவோர் இயல்பிலேயே உறுதி மிக்கவர்கள் என்பதால் இவ்வேறுபாடு முழுவதையும் படிப்பின் கணக்கில் வரவு வைக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் 1912இல் அளக்கப்படும் பொருளாக இருந்த பெட்ஃபோர்டு பெண், 2001இல் அளவுகோலைத் தானே ஏந்தியிருந்தாள் என்பது எண்களுக்கு அப்பாலும் மதிப்புடையது.

தன்னார்வத்தால் தாங்கப்பட்ட இந்த ஏற்பாடு, ஒரு கண்காணிப்பாளரின் இசைவையும் சில நன்கொடையாளர்களின் மனத்தையும் நம்பியே நின்றது. அவ்விரண்டும் வாய்க்காத சிறைகளில் பெண்களுக்குக் கல்லூரி என்பதே இல்லாமற்போனது. 2020 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் 1994ஆம் ஆண்டுத் தடையை நீக்கியது. நியூயார்க் மாநிலம் 2022இல் தன் உதவித்தொகையை மீட்டளித்தது. பெல் உதவித்தொகை 2023 ஜூலை முதல் தகுதியுள்ள கைதிகள் அனைவருக்கும் மீண்டும் கிடைக்கிறது. பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் ஓரிரு ஆண்டுகளில் ஆள் திரட்டி மீட்ட உரிமையை அரசு திருப்பித்தர ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.