எக்ஸ்ரேயும் ஆண் மலடும்: ஓர் அச்சத்தின் வரலாறு

போரில் காயமுற்று, உடலில் ஷெல் துண்டுகளைச் சுமந்தபடி வாழ்பவர்கள் யாழ் குடாநாட்டில் ஊர்தோறும் உள்ளனர். கொழும்புத்துறையும் அதற்கு விலக்கன்று. உடலில் இரும்புத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் ஆபத்தாகலாம். ஆகவே இவர்களுக்கு எக்ஸ்ரேயும் சி.ரி. ஸ்கானுமே பெரும்பாலும் கைகொடுக்கின்றன. இடுப்பில் பலமுறை படம் எடுத்த ஆணின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுண்டு: "பிள்ளை பிறக்குமா?"

இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ரொன்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து எட்டே ஆண்டுகளில், 1903இல், ஹாம்பேர்க் மருத்துவர் அல்பேர்ஸ்-ஷோன்பேர்க் ஓர் உண்மையை வெளியிட்டார். கதிர்பட்ட ஆண் முயல்களும் கினிப்பன்றிகளும் மலடாகியிருந்தன. 1905இல் நியூயோர்க்கில் பிரவுண், ஒஸ்குட் என்ற இரு மருத்துவர்கள், எக்ஸ்ரே கருவிகளோடு பணியாற்றிய ஆண்களின் விந்தில் உயிரணுக்களே இல்லை என்று கண்டனர். அந்த மனிதர்களுக்கோ உடலில் எந்த மாற்றமும் தெரிந்திருக்கவில்லை. ஆண்மை குன்றவில்லை, வலியில்லை, விந்தணு மட்டும் அற்றுப்போயிருந்தது.

அல்பேர்ஸ்-ஷோன்பேர்க்கையும் கதிர் விடவில்லை. கதிர்ப்புண் புற்றாகி ஒரு கையை இழந்த அவர், 1921இல் இறந்தார். கதிருக்குப் பலியான மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 1936இல் அவர் பணியாற்றிய மருத்துவமனை வளாகத்திலேயே நினைவுக்கல் எழுப்பப்பட்டது.

எவ்வளவு கதிர் தீங்கானது என்ற கணக்கு எப்படிக் கிடைத்தது என்பது இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். 1963 முதல் 1973 வரை அமெரிக்காவின் ஒரிகன், வொஷிங்டன் மாநிலச் சிறைகளில் 131 கைதிகளின் விதைகளில் கதிர் பாய்ச்சிச் சோதித்தார்கள். செலவை ஏற்றது அந்நாட்டு அணுசக்தி ஆணைக்குழு. சிறைக்குள் இருப்பவனின் சம்மதம் சம்மதமாகுமா என்ற கேள்வி பின்னரே உரத்து எழுந்தது.

இன்று மருத்துவம் நம்பும் அளவுகளில் பெரும்பகுதி அக்கைதிகளின் உடலிலிருந்து பெறப்பட்டதே. விதைகளில் ஏறத்தாழ 150 மில்லிகிறே பட்டால் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும். நிரந்தர மலட்டுக்குச் சில ஆயிரம் மில்லிகிறே வேண்டும். சாதாரண இடுப்பு எக்ஸ்ரேயில் விதைகளைச் சேர்வது ஒருசில மில்லிகிறே மட்டுமே. இடுப்பு சி.ரி. ஸ்கானில் அது பல மடங்கு கூடினாலும், ஒரு தடவை எடுப்பது அந்த எல்லையைத் தொடுவதில்லை. நெஞ்சுப் படத்தில் விதைகளைச் சேர்வது மிகமிகச் சொற்பம்.

ஒருகாலத்தில் கட்டாயமாகக் கருதப்பட்ட ஈயக் கவசத்தையும் இன்று பல நாடுகளில் கைவிட்டு வருகிறார்கள். கவசம் தேவையான பகுதியை மறைத்தால் மீண்டும் படம் எடுக்க நேரும் என்பது ஒரு காரணம். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இதை நிறுத்துமாறு பரிந்துரைத்தது.

புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை வேறு. அதற்கு முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டேயாக வேண்டும். ஆனால் எலும்பு முறிவுக்கும் ஷெல் துண்டுக்கும் எடுக்கும் படத்தைத் தவிர்ப்பவர், இல்லாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தை வளர்க்கிறார். பிள்ளை இல்லையென்றால் பழைய எக்ஸ்ரேயையோ மனைவியையோ குறைசொல்வதை விட்டு, கணவனும் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்வதே முறை.