பிறவி இருதயக் குறையுள்ள வயதுவந்தோரும் கொரோனா தொற்றும்

1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், நீலம் பாரித்த குழந்தைகளுக்கு ஹெலன் டௌசிக்கின் யோசனைப்படி ஆல்ஃபிரட் பிளேலாக் அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கிய காலம் முதல், இருதயக் குறையோடு பிறந்தோர் பலர் முதிர்ந்த வயது வரை வாழும் பாக்கியம் பெற்றனர். 2020-இல் உலகெங்கும் பரவிய கொரோனா தொற்று இவர்கள் அனைவருக்கும் ஒரே அளவில் பிராணாபாயம் விளைவிக்குமோ என்ற அச்சம் எழுந்தது. ஆயினும் 58 மருத்துவ நிலையங்களின் 1,044 நோயாளரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 24 பேர் மாண்டதையும், மரணத்தோடு நெருங்கிய சம்பந்தம் கொண்டது குறையின் அமைப்புச் சிக்கல் அன்று, தேகத்தின் அப்போதைய நிலையே என்பதையும் புலப்படுத்தியது.

ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உதடும் நகமும் நீலம் பூத்தவர்கள், நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்தவர்கள், இருதயத் தளர்ச்சியால் முன்னரே மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்கள், நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உடையவர்கள் ஆகியோருக்கே அபாயம் அதிகம். சிரை ரத்தம் இருதயக் கீழறையின் உந்துதலின்றியே நுரையீரலை அடையுமாறு ஃபான்டன் முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு, அழற்சியால் நுரையீரலில் தடை சற்றே உயரினும் ரத்த ஓட்டம் குன்றக்கூடும். ஆதலால் தடுப்பூசியும், வழக்கமான மருந்துகளை இடையில் நிறுத்தாமையும், மூச்சுத்திணறல் தோன்றிய மாத்திரத்தில் நிபுணரை நாடுதலும் இவர்களுக்கு இன்றியமையாதன.