அட்டவணையின் திறவுகோலும் மனிதரின் எண்ணும்

தரவுத்தள அட்டவணையில் ஒரு நிரையை மற்றொரு நிரையிலிருந்து பிரித்தறியப் பயன்படும் மதிப்பே முதன்மைத் திறவுகோல். வகுப்பறைகளில் பிரைமரி கீ என்றே வழங்கும். அம்மதிப்பை வெளியுலகிலிருந்து எடுத்துக்கொள்வதா, எந்திரமே உண்டாக்கித் தருவதா என்னும் வினாவுக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. பாடநூல்களில் இரண்டு பத்திகளில் முடிந்துபோகும் இவ்வினா, இந்தியாவில் 2017ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கையின் வடிவில் திரும்பி வந்தது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட், உறவுசார் மாதிரி குறித்த கட்டுரையை 1970 ஜூனில் வெளியிட்டார். அன்றைய நிரல்கள் தரவு சேமிக்கப்பட்ட பாதைகளை நம்பியே எழுதப்பட்டன. பாதை மாறினால் நிரலும் உடையும். காட் அப்பாதைகளை அகற்றினார். ஒரு நிரையை இருப்பிடத்தால் அன்றி, அதனுள் உள்ள மதிப்பாலேயே சுட்டவேண்டும் என்றார். தகுதியுடைய மதிப்புகள் பலவாயின் அவற்றுள் ஒன்றை விருப்பப்படி தேர்ந்து முதன்மைத் திறவுகோல் ஆக்கலாம். உதிரிபாக எண், பணியாளர் எண் போன்றவையே அப்போது கருத்தில் இருந்தவை. அவை பயனரின் உலகைச் சேர்ந்தவை, பயனருக்குத் தெரிந்தவை.

இங்கிலாந்தின் பீட்டர்லீயில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தின் ஹால், ஔலெட், டாட் ஆகிய மூவர் 1976இல் பதிலித் திறவுகோல் என்னும் கருத்தை முன்வைத்தனர். மூன்றாண்டுகள் கழித்து, 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட் அதனை ஏற்றுக்கொண்டார். பயனர் கையாளும் திறவுகோலின் மதிப்பு மாறக்கூடும். இரு நிறுவனங்கள் இணையும்போது ஒரே மனிதருக்கு இருவேறு எண்கள் இருக்கக்கூடும். எண் வழங்கப்படும் முன்போ, அது காலாவதியான பின்போ ஒருவரைப் பற்றிய செய்தியைப் பதிய நேரலாம். இக்குறைகளுக்கு மாற்றாக அவர் ஏற்ற பதிலிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அது அமைப்பின் ஆளுகையில் இருக்கும், பயனர் அதன் மதிப்பைக் காணமாட்டார். பிற்காலத்தில் பெரும்பாலோர் மறந்துவிட்ட பகுதி இதுதான்.

வாதத்தைத் தீர்த்து வைத்தது கோட்பாடு அன்று, மென்பொருளின் முன்னியல்பு. நிரல்மொழியின் பொருள்களையும் தரவுத்தளத்தின் நிரைகளையும் இணைக்கும் ஓ.ஆர்.எம். கருவிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின: 2001இல் ஹைபர்னேட், 2004இல் ரெய்ல்ஸ், 2005இல் ஜாங்கோ. நினைவகத்தில் உள்ள பொருள் எந்த நிரைக்கு உரியது என்பதை அப்பொருளே சுமந்திருக்க வேண்டும். எனவே ரெய்ல்ஸும் ஜாங்கோவும் நிரலர் ஒன்றும் சொல்லாவிடில் ‘ஐடி’ என்னும் எண் நிரலைத் தாமே சேர்த்துவிடும். ஒரு தலைமுறை மாணவர் திறவுகோல் என்றாலே ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும் எண் என்று கற்றது இவ்வாறே.

ஆனால் பழைய அட்டவணைகள் அழிந்துவிடவில்லை. அவற்றின் திறவுகோல்களை ஏற்க இக்கருவிகள் வழிவிட்டன. அறிவிப்பு ஒரே வரியில் முடியும். சிக்கல் அதன் பின்னரே தோன்றும். தானியங்கி எண் இருக்கும்போது, திறவுகோல் வெறுமையாக இருந்தால் பொருள் புதியது, சேர்க்கவேண்டும். நிரம்பியிருந்தால் பழையது, திருத்தவேண்டும். நிரலரே மதிப்பைத் தரும்போது இவ்வடையாளம் மறைந்துபோகும். ஹைபர்னேட் அந்நிலையில் பதிப்பு எண் நிரலைப் பார்க்கும். அதுவும் இல்லையெனில் தரவுத்தளத்தையே வினவும். ஜாங்கோவில் இதைவிடக் கூர்மையான விளைவு உண்டு: இருக்கும் பொருளின் திறவுகோலை மாற்றிச் சேமித்தால் பழைய நிரை திருத்தப்படாது, பக்கத்தில் புதிய நிரை தோன்றும்.

இந்தியச் சூழலில் இது கற்பனைச் சிக்கல் அன்று. வாகனப் பதிவில் தெலங்கானாவின் குறியீடு 2024இல் டி.எஸ். என்பதிலிருந்து டி.ஜி. ஆயிற்று; உத்தராகண்டின் யூ.ஏ. அதற்கு முன்பே யூ.கே. ஆகியிருந்தது. மாநில அட்டவணைக்கு இவ்வீரெழுத்தையே திறவுகோலாகக் கொண்ட ஒரு ஜாங்கோ நிரலில் குறியீட்டைத் திருத்திச் சேமித்தால் இரண்டு தெலங்கானாக்கள் கிடைக்கும்; மாவட்டங்கள் எல்லாம் பழையதையே பற்றிக்கொண்டிருக்கும்.

பல நிரல்கள் சேர்ந்த கூட்டுத் திறவுகோலின் கதை இன்னும் நீளமானது. ஜாங்கோவில் அதற்கான கோரிக்கை 2005இல் பதிவாயிற்று. அதன் எண் 373. அது நிறைவேறியது 2025 ஏப்ரலில் வெளியான 5.2 பதிப்பில். ரெய்ல்ஸ் 2023இல் 7.1 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது.

ஆதார் எண்ணை வடிவமைத்தோர் இவ்வரலாற்றின் படிப்பினைகளை நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணில், தனிநபராயின், ஐந்தாம் எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. திருமணத்தால் பெயர் மாறியவருக்கும் அந்த எழுத்து மாறாமல் நின்று, பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆதாரில் அத்தகைய பொருள் ஏதும் இல்லை. பன்னிரண்டு இலக்கங்கள், இறுதி இலக்கம் வெர்ஹோஃப் முறையிலான சரிபார்ப்பு இலக்கம், ஊரோ சாதியோ பிறந்த ஆண்டோ அதிலிருந்து தெரியாது. 2010 செப்டம்பரில் மகாராட்டிரத்தின் தெம்பலி சிற்றூரில் முதல் எண் வழங்கப்பட்டபோது, கையளிக்கப்பட்டது வடிவத்தால் ஒரு தூய பதிலித் திறவுகோல்.

ஆயினும் அது கையளிக்கப்பட்டது என்பதில்தான் முரண் இருக்கிறது. பதிலித் திறவுகோலைப் பதிலியாக்குவது அதன் இலக்கங்களின் பொருளின்மை மட்டும் அன்று; அது வெளியே தெரியாமலிருப்பதும் ஆகும். அட்டையில் அச்சாகி, வங்கியிலும் கைப்பேசிக் கடையிலும் எரிவாயு முகவரிடமும் சொல்லப்பட்ட கணத்தில், அவ்வெண் பிற தரவுத்தளங்கள் அனைத்துக்கும் இயல்புத் திறவுகோலாகிவிட்டது. எங்கெல்லாம் அது பதிவாகிறதோ, அங்குள்ள அட்டவணைகளை எல்லாம் ஒரே வினவலில் ஒட்டிவிடலாம். உச்ச நீதிமன்றத்தில் அந்தரங்க உரிமை வழக்காகப் பேசப்பட்டதன் தொழில்நுட்ப உட்கரு பெருமளவில் இந்த ஒட்டும் ஆற்றலே.

ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு வெளியானது 2017 ஆகஸ்ட் 24 அன்று. அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஜூலை 25 அன்று, தனித்துவ அடையாள ஆணையம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. ஆதார் எண்களைச் சேமிக்கும் நிறுவனங்கள் அவற்றை மறைகுறியாக்கித் தனிப் பெட்டகம் ஒன்றில் மட்டும் வைக்கவேண்டும். ஏனைய அட்டவணைகளில் எல்லாம் ஒரு குறிப்புத் திறவுகோலையே பயன்படுத்தவேண்டும். குறிப்புத் திறவுகோலை மட்டும் கொண்டு மூல எண்ணைக் கணித்தறிய இயலக்கூடாது. காட் 1979இல் விதித்த நிபந்தனை, அவர் பெயரின்றி, நிருவாக மொழியில் மீண்டும் எழுதப்பட்டது.

குறிப்புத் திறவுகோலுக்கு யூ.யூ.ஐ.டி. முறை பரிந்துரைக்கப்பட்டது: 128 பிட் நீளமுள்ள, ஏறுவரிசையில் வராத மதிப்பு. அதை ஜாங்கோவில் பயன்படுத்துவோர் தானியங்கி எண்ணை விட்டு, திறவுகோலைத் தாமே அறிவிக்கவேண்டும். பொருள் நினைவகத்தில் பிறக்கும்போதே யூ.யூ.ஐ.டி. நிரம்பிவிடுவதால், வெறுமையைக் கண்டு புதியதை அறியும் பழைய வழி அங்கே செல்லாது. புதிய பொருளைச் சேமிக்கும்போதும் ஜாங்கோ முதலில் திருத்த முயன்று, நிரை இல்லை என்று கண்ட பின்னரே சேர்த்துவந்தது. 2019 டிசம்பரில் வெளியான 3.0 பதிப்பிலிருந்து, திறவுகோலுக்கு முன்னியல்பு மதிப்பு அறிவிக்கப்பட்டிருந்தால் அது நேரடியாகச் சேர்த்துவிடுகிறது.