சோற்றுப் பொட்டலமும் முள்வேலிக் கதவும்



வீடு வீடாகச் சோதனை போட்ட படையை ஓர் ஊர் நம்புமா? நம்பும் என்பதற்கு ராணுவ நூல்கள் காட்டும் முதல் உதாரணம் மலாயா. 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு எதிராக பிரிட்டிஷ் அரசு தொடங்கி நடத்திய அந்தப் போருக்கு ‘அவசரகாலம்’ என்று பெயர். 1952இல் ஹைகமிஷனராக வந்த ஜெனரல் டெம்ப்ளர், வெற்றி காட்டுக்குள் இல்லை, மக்களின் மனத்தில் இருக்கிறது என்றார். சோதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று இதைப் பார்ப்போம்.

நமக்கு இதில் ரத்த உறவு உண்டு. ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களில் கணிசமானோர், சேரிகளிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர்.

1948 டிசம்பரில் பத்தாங் காலி என்ற தோட்டத்துக்குள் நுழைந்த ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர், ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டதாக அரசு சொன்னது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், ‘புதுக் கிராமங்களில்’ அடைக்கப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே முள்வேலிக்குள் வந்தன.

கெரில்லாக்களுக்கு உணவு போகக் கூடாது என்பதே நோக்கம். ஆகவே சோதனை சோற்றில் தொடங்கியது. அரிசிக்கு அளவு வைத்தார்கள். டின் உணவைக் கடையிலேயே துளையிட்டு விற்கச் செய்தார்கள், சேமிக்க முடியாதபடி. விடியற்காலைக் குளிரில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும். வேலைக்குக் கிளம்பும் அந்த நேரத்தில் வேலிக் கதவில் ஆண்களும் பெண்களும் உடல் சோதனைக்காக வரிசையில் நின்றார்கள். செமினியில் பெண்கள் சோதிக்கப்பட்ட விதம் குறித்து 1956இல் அரசே விசாரணை வைக்க நேர்ந்தது.

மனத்தை வெல்வோம் என்ற டெம்ப்ளர், 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் ஊருக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார், அரிசியையும் குறைத்தார். அருகில் நடந்த தாக்குதலுக்கு ஊர் முழுவதற்கும் தண்டனை. பிறகு வீடு வீடாகப் படிவம் கொடுத்து, தெரிந்ததை எழுதச் சொன்னார். பசித்தவன் எழுதித் தரும் தகவலுக்கு நம்பிக்கை என்றா பெயர்?

மக்களிடம் மாற்றமே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. 1952இல் குடியுரிமை விதிகள் தளர்ந்தன. 1955இல் பொதுத்தேர்தல், 1957இல் விடுதலை. போரின் போக்கை மாற்றியதில் துப்பாக்கியைவிட இந்த உரிமைகளுக்குப் பங்கு அதிகம் என்பது என் முடிவு. ஆனால் தோட்டத் தமிழருக்குக் கிடைத்தது குறைவு. லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அவர்கள் உண்மையில் நம்பியது தங்கள் சங்கங்களை. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நம்பிக்கைக்குரியவரைக் கொன்றுவிட்டு, நம்பிக்கையைத் தேடினார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மக்கள் ஒத்துழைத்தார்கள்’ என்று எந்த ஆவணத்தில் படித்தாலும், வேலிக் கதவின் சாவி யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். அடங்கி நிற்பது வேறு, நம்புவது வேறு. இந்த வேறுபாட்டை நம் சேரிகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை; வரலாற்றில் எழுதுவதுதான் நம் வேலை.