சானடோரியம் ஸ்டேஷன் சொல்லும் சரித்திரம்

பீச்சிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வண்டலூர் வந்து படித்தவர்கள் எல்லோருக்கும் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் மனப்பாடம்: தாம்பரம் சானடோரியம். ஆனால் "சானடோரியம்னா என்னப்பா?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். நம் பக்கத்து ஊர்ச் சரித்திரம். நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு காசநோய் விடுதியை நடத்தியவர் தமிழரான டாக்டர் சௌரிமுத்து. 1917-ல் கணிதமேதை ராமானுஜன் அவரிடம்தான் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த டாக்டர் ஊர் திரும்பி, 1928-ல் பச்சைமலை அடிவாரத்தில் ஆரம்பித்ததுதான் நம் சானடோரியம். சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, அளவான உழைப்பு. இவைதான் அன்றைய சிகிச்சை. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். 1950-களில் நல்ல மாத்திரைகள் வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது: ஏழை நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியாதா? இதற்காக 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சுமார் 190 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி நெரிசலான தெருக்களில், அவரவர் வீட்டில். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம்.

1959-ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியும் ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1962-ல் வந்த தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு இதுவே அஸ்திவாரம்.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. மாத்திரையைக் கொடுத்துவிட்டு "போய்ட்டு வாங்க" என்று அவர்கள் கைகழுவவில்லை. ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சொல்லாமல் போய் சிறுநீரைச் சோதித்தார்கள். நம் பாஷையில் சொன்னால், மெஷினை வாங்குவது ஒருநாள் செலவு. மெயின்டனன்ஸ் தினப்படி வேலை. ஆரோக்கியமும் அப்படித்தான். புத்திமதி மட்டும் போதாது, கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் வேணும்.

இன்று நம்மைத் துரத்துவது சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். முப்பதைத் தாண்டினாலே பேட்ச்மேட்கள் சந்தித்தால் மாத்திரைப் பேச்சுதான்! 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பழைய சேத்துப்பட்டுப் பாடத்தின் தொடர்ச்சி என்றே இதை நான் பார்க்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டுப் பிரிவதோடு நிற்க வேண்டாம். கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் என்.எஸ்.எஸ். மாணவர்களோடு சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு பி.பி., சர்க்கரை பார்ப்போம். அதிகம் இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவோம். அடுத்த மாதம் அதே கதவைத் தட்டி, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்போம். அந்த இரண்டாவது தட்டல்தான் முக்கியம்.