1958: கழற்றிய ஜேர்சியும் கழற்றாத ஜேர்சியும்

2024 ஆம் ஆண்டில் இரண்டு பழைய விளையாட்டு வீரர்கள் காலமானார்கள். ஏப்ரலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், வயது 89. நவம்பரில் ரஷீட் மெக்லூஃபி, வயது 88. முதலாமவர் யாழ்ப்பாணத்து உயரம் பாய்தல் வீரர். மற்றவர் அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸ் அணிக்கு ஆடிய உதைபந்தாட்ட முன்கள வீரர். இருவரையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவர எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது: 1958 ஆம் ஆண்டு.

அதற்கு முதல் எங்கட ஊர்ப் பிரச்சினை ஒன்று. வடக்கிலிருந்து ஒரு பிள்ளை தேசிய அணிக்குத் தெரிவாகும் ஒவ்வொரு முறையும் முகநூலில் ஒரே சண்டைதான். "ஏன் அவங்கட ஜேர்சியைப் போடவேணும்?" என்று ஒரு பக்கம். "பாத்தீங்களா, திறமை இருந்தால் ஒருத்தரும் தடுக்கேல்லை, பாகுபாடு எண்டதெல்லாம் சும்மா கதை" என்று மற்றப் பக்கம். அந்தப் பிள்ளை எத்தனை மீற்றர் பாய்ந்தது, எங்கே பயிற்சி எடுத்தது, சப்பாத்துக்கு ஆர் காசு குடுத்தது என்று இரண்டு பக்கமும் கேட்பதில்லை. இந்தச் சண்டை எங்களோடு தொடங்கியதில்லை. இந்த இரண்டு இளைஞர்களின் தொடக்க கால வாழ்க்கையை வாசித்தால், நாங்கள் கேட்கிற கேள்வியே கொஞ்சம் பிழையோ என்று தோன்றுகிறது.

முதலில் மெக்லூஃபி. 1936 இல் அல்ஜீரியாவின் செத்திஃப் நகரில் பிறந்தார். அந்தக் காலத்தில் அல்ஜீரியா வெறும் குடியேற்ற நாடு அல்ல, பிரான்சின் ஒரு பகுதி என்றே பாரிஸ் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே வாழ்ந்த முஸ்லிம்களுக்கு ஐரோப்பியக் குடியேறிகளுக்குச் சமமான உரிமை இருக்கவில்லை. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். அன்றைக்குச் செத்திஃபில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மோதல் சுற்றுக் கிராமங்களுக்குப் பரவியது, பல வாரங்கள் நீடித்த அடக்குமுறையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அப்போது மெக்லூஃபிக்கு எட்டு வயது.

1954 இல், பதினெட்டு வயதில், அவர் கடல் கடந்து பிரான்சின் சென்ற் எத்தியன் கழகத்துக்கு வந்தார். அது சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம். அதே ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. அதாவது அவருடைய தொழில்முறை ஆட்டமும் அவருடைய நாட்டின் போரும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின. பயிற்றுநர் ஷான் ஸ்னெல்லாவின் கீழ் அவர் வேகமாக வளர்ந்தார். 1957 இல் சென்ற் எத்தியன் தன் வரலாற்றில் முதல் தடவையாக பிரெஞ்சு லீக் சம்பியன் ஆனது. மெக்லூஃபி பிரான்ஸ் தேசிய அணிக்கு நான்கு தடவைகள் ஆடினார். பிரெஞ்சு இராணுவ அணியோடு உலக இராணுவக் கிண்ணத்தையும் வென்றார். 1958 சுவீடன் உலகக் கிண்ணத்துக்கான பிரெஞ்சு அணியில் அவருக்கு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வயது 21. இதைவிட நல்ல தொடக்கம் ஒரு முன்கள வீரருக்கு வேற என்ன வேணும்?

1958 ஏப்ரல் நடுப்பகுதியில் அவர் காணாமல் போனார். அவரும், தேசிய அணியின் பின்கள வீரர் முஸ்தஃபா ஸித்தூனியும், பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த இன்னும் சில அல்ஜீரிய வீரர்களும் இரகசியமாக எல்லை கடந்து தூனிஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி ஓர் உதைபந்தாட்ட அணியை உருவாக்கியது. நாடே இல்லாத ஒரு நாட்டின் தேசிய அணி. பீஃபா அதை ஏற்கவில்லை. அதோடு விளையாடும் நாடுகளையும் தண்டிப்போம் என்று எச்சரித்தது. அப்படியிருந்தும் கிழக்கு ஐரோப்பா, அரபு நாடுகள், சீனா, வட வியட்நாம் என்று நான்கு ஆண்டுகள் அந்த அணி சுற்றி ஆடியது. கட்டாய இராணுவ சேவையில் இருந்தபடியால் மெக்லூஃபி சட்டப்படி படையை விட்டு ஓடியவர் ஆனார். அவர் இல்லாமல் சுவீடன் போன பிரான்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. மொரோக்கோவில் பிறந்த ஜுஸ்ற் ஃபொந்தேன் என்ற முன்கள வீரர் அந்தப் போட்டியில் பிரான்சுக்காக 13 கோல்கள் அடித்தார். ஒரே உலகக் கிண்ணத்தில் அதற்கு மேல் இன்றுவரை ஒருவரும் அடிக்கவில்லை.

இப்ப எங்கட பக்கம் வருவோம்.

எதிர்வீரசிங்கம் பிறந்தது 1934 இல். படித்தது யாழ். மத்திய கல்லூரியில். இன்றைக்கு மத்திய கல்லூரி என்றால் எங்களுக்கு வடக்கின் பெருஞ்சமர்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மாணவர் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போயிருக்கிறார் என்பது எங்கட வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார்.

அந்தக் காலத்து உயரம் பாய்தலை இன்றைய மெய்வல்லுநர் போட்டிகளில் நாங்கள் பார்க்கிற பாய்ச்சலோடு ஒப்பிட ஏலாது. இன்று தடித்த மெத்தை இருக்கிறது. முதுகைக் கொடுத்துப் பாயலாம், தலைகீழாக விழலாம். முதுகு காட்டிப் பாயும் அந்த முறையை 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பெரி வென்ற பிறகுதான் உலகம் பழகியது. 1950களில் விழுவது மணலில், அல்லது மரத்தூளில். எனவே கம்பத்தைத் தாண்டினால் மட்டும் போதாது, கை கால் முறியாமல் இறங்கவும் தெரியவேணும். இந்த நிலைமையில் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் பெரிய விசயம்.

பிறகு அவர் அமெரிக்கா போனார். லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார், அதன் தடகள அணியில் பாய்ந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியில் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சனும் அந்தக் காலத்தில் அங்கேதான் படித்தார். உலகில் முதன்முதலாக ஏழு அடியைத் தாண்டிய சார்ள்ஸ் டூமாஸ் அதே நகரத்துக்காரர். உலகத்தின் மிகச் சிறந்த பாய்ச்சல்காரர்கள் திரிந்த நகரத்துக்குத்தான் எங்கட ஆள் போய்ச் சேர்ந்திருக்கிறார். மெக்லூஃபிக்குச் சென்ற் எத்தியன் எப்படியோ, எதிர்வீரசிங்கத்துக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் அப்படி. திறமை ஊரில் முளைத்தது. அது நிமிர்ந்து வளர வசதி வெளியில் கிடைத்தது.

1958 மே 24 இலிருந்து யூன் 1 வரை மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி ரோக்கியோவில் நடந்தது. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டு அங்குலம் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை பெற்ற முதல் தங்கப் பதக்கம் அது. 1952 இல் அவர் பையனாக நின்று பார்த்த ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் வெற்றி உயரம் 2.04 மீற்றர். ஆறு ஆண்டுகளில் அந்த உயரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வரை வந்துவிட்டார். வயது 23.

இனி அந்தத் திகதிகளை இன்னொரு தடவை வாசியுங்கள். மே 24, யூன் 1.

1956 யூனில் தனிச் சிங்களச் சட்டம். 1957 யூலையில் பண்டா செல்வா ஒப்பந்தம். 1958 ஏப்ரலில், மெக்லூஃபி பிரான்சை விட்டுப் போன அதே மாதத்தில், பண்டாரநாயக்கா அந்த ஒப்பந்தத்தைக் கிழித்தார். மே 22 இல் பொலநறுவையில் தமிழர் பயணம் செய்வதாக நினைத்துப் புகையிரதத்தைத் தாக்கினார்கள். அடுத்த நாட்களில் வன்முறை தீவு முழுவதும் பரவியது. மே 27 இல் அவசரகாலச் சட்டம். கொழும்பிலிருந்த தமிழர்கள் அகதி முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, பிறகு கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ரோக்கியோவில் போட்டி நடந்துகொண்டிருந்த நாட்களில் இலங்கையில் நடந்தது இதுதான். இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை ஒரு தமிழன் எடுத்துக் கொடுத்ததும், தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக ஆட்கள் தெருவில் அடிபட்டதும் ஒரே கலண்டர்த் தாளில் இருக்கிற விசயங்கள்.

மெக்லூஃபி ஜேர்சியைக் கழற்றினார். எதிர்வீரசிங்கம் கழற்றவில்லை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியிலும் இலங்கைக்காகப் பாய்ந்து வெள்ளி எடுத்தார்.

இங்கேதான் எங்கட முகநூல் நீதிமன்றம் கூடும். ஒருவர் வீரன், மற்றவர் விட்டுக்கொடுத்தவர் என்று தீர்ப்பு எழுத இரண்டு நிமிசம் காணும். ஆனால் வரலாறு படிக்கிறவர்களாக நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேணும். மெக்லூஃபி தனியே ஓடவில்லை. போய்ச்சேர ஓர் இயக்கம் இருந்தது, தூனிசில் ஓர் இடம் இருந்தது, கூட ஆட ஓர் அணி இருந்தது. 1958 இல் தமிழர் அரசியல் சமஷ்டி கேட்டுக்கொண்டிருந்த காலம். மாற்றி அணிய இன்னொரு ஜேர்சி என்ற ஒன்றே அன்றைக்கு இல்லை. இருக்காத கதவால ஒருவர் ஏன் வெளியில் போகவில்லை என்று கேட்பது நியாயமில்லை. உதைபந்தாட்டக்காரருக்குப் பத்துப் பேர் கூட நிற்பார்கள். உயரம் பாய்கிறவர் கம்பத்துக்கு முன்னால் தனிய நிற்கவேணும்.

மெக்லூஃபியின் கதையும் நாங்கள் நினைக்கிற அளவுக்கு நேர்கோடு இல்லை. 1962 இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அவர் கொஞ்சக் காலம் சுவிற்சர்லாந்தில் ஆடிவிட்டு, அதே ஆண்டு முடிவதற்குள் மறுபடி சென்ற் எத்தியனுக்கே வந்தார். முதல் ஆட்டத்தில் அரங்கம் முதலில் மௌனமாக இருந்தது, பந்தைத் தொட்டு ஆடத் தொடங்கியதும் கைதட்டியது என்று சொல்வார்கள். 1964, 1967, 1968 என்று மேலும் மூன்று லீக் பட்டங்கள். 1968 பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் சென்ற் எத்தியன் 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையது. அல்ஜீரியாவின் தேசிய அணிக்கும் ஆடினார். பிரெஞ்சு அரசின் ஜேர்சியைக் கழற்றியவர், தன்னை வளர்த்த நகரத்தின் ஜேர்சியைத் திரும்பவும் போட்டார். அதில் ஒரு முரணும் இல்லை. அரசு வேறு, ஊர் வேறு, கூட ஆடின ஆட்கள் வேறு.

எதிர்வீரசிங்கமும் பதக்கத்தோடு நின்றுவிடவில்லை. கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சியரா லியோன் முதலான ஆபிரிக்க நாடுகளில் கற்பித்தார். அவருடைய நீண்ட வாழ்க்கையில் பாய்தல் ஒரு பத்து வருசக் கதை. அந்தப் பத்து வருசத்தைத்தான் ஒரு பக்கம் "எங்கட தங்கம்" என்றும் மறுபக்கம் "இலங்கையின் தங்கம்" என்றும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்ப அந்த 2.03 மீற்றர் எதற்குச் சாட்சி? இந்த நாட்டில் எல்லாரும் சமம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்த வாரத்துக் கப்பல்களில் வந்திறங்கிய சனம் அதற்கு எதிர்ச் சாட்சி. தமிழன் எல்லாரையும் விட உயர்ந்தவன் என்பதற்கும் அது சாட்சி இல்லை. ஒரு பள்ளிக்கூடம் ஒரு பையனைச் சரியான வயதில் கண்டுபிடித்தது, ஒரு பல்கலைக்கழகம் அவனுக்குப் பயிற்சி குடுத்தது, மிச்சத்தை அவனுடைய கால்கள் செய்தன. அதற்குத்தான் அது சாட்சி.

இன்றைக்கு லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற எங்கட சனத்தின் பிள்ளைகள் எம்பாப்பேயின் பெயர் போட்ட நீல ஜேர்சியோடு திரிகிறார்கள். எம்பாப்பேயின் தாயின் குடும்பத்துக்கு அல்ஜீரிய வேர் உண்டு. சிடானின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து போனவர்கள். மெக்லூஃபி கழற்றிவிட்டுப் போன ஜேர்சியை அவர்கள் ஊரின் பேரப்பிள்ளைகள் போடுகிறார்கள், அதைப்பற்றிப் பிரான்சில் இன்றும் சண்டை நடக்கிறது. எங்கட ஒன்றுவிட்ட சகோதரங்களும் நாளைக்கு அதே கேள்விக்கு முகம் குடுப்பார்கள், அங்கேயும் இங்கேயும்.

அவர்களிடம் எந்த ஜேர்சி என்று கேட்கிறது சுகம். யாழ்ப்பாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்களில் விழுவதற்கு ஒழுங்கான மெத்தை இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் சாதாரண தரத்தோடு பாய்வதை விடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ரியூசனுக்காக விடுகிறார்கள் என்று கேட்கிறதுதான் கஷ்டம். அந்தக் கேள்விகளுக்கு எங்களிடமும் பங்கு இருக்கிறது.